சளிச்சவ்வில் ஒட்டும் மூக்குவழி மருந்துகள்

சளிச்சவ்வில் ஒட்டும் மூக்குவழி மருந்து என்பது மூக்கின் உட்புறத்தை மூடியுள்ள சளிப்படலத்துடன் ஒட்டிக்கொண்டு, அங்கு வழக்கத்தைவிட நீண்ட நேரம் தங்கி, தன்னுள் அடங்கிய மருந்தைச் சிறிது சிறிதாக வெளிவிடும்படி உருவாக்கப்பட்ட மருந்தமைப்பு ஆகும். ஒட்டும் பணியைச் செய்பவை பெரும்பாலும் நீரை உறிஞ்சி உப்பும் இயல்புடைய பலபடிகள் ஆகும். இவ்வகை மருந்துகள் கரைசல், களி, பொடி, நுண்கோளம் எனப் பல வடிவங்களில் ஆக்கப்படுகின்றன.

மூக்கில் இடப்படும் சாதாரணக் கரைசலில் ஏறத்தாழ பாதியளவு 15 முதல் 20 நிமிடங்களுக்குள் தொண்டைக்குத் தள்ளப்பட்டு விழுங்கப்பட்டுவிடுகிறது. இக்குறுகிய நேரத்துக்குள் சவ்வைக் கடக்க இயலாத மருந்து பயனின்றிப் போகிறது. மருந்து மூக்கில் தங்கும் நேரத்தை நீட்டிப்பதே சளிச்சவ்வில் ஒட்டும் அமைப்புகளின் முதன்மை நோக்கமாகும்.

மூக்குவழியின் சிறப்புகள்

மூக்கின் வழியாக மருந்து செலுத்துதல் பழமையான வழக்கம் ஆகும். ஆயுர்வேதத்திலும் சித்த மருத்துவத்திலும் இம்முறை நசியம் என அழைக்கப்படுகிறது. மூக்குப்பொடி இழுப்போருக்குச் சில நிமிடங்களிலேயே கிறுகிறுப்பு ஏற்படுவதற்குக் காரணம், புகையிலையிலுள்ள நிகோட்டின் மூக்கின் சவ்வைக் கடந்து நேரடியாகக் குருதியில் கலப்பதே ஆகும்.

வாய்வழி உட்கொள்ளப்படும் மருந்து இரைப்பையின் அமிலத்தையும் குடலின் நொதிகளையும் கடக்க வேண்டும். பின்னர் அது கல்லீரலைக் கடந்தே உடலெங்கும் பரவுகிறது. கல்லீரல் பல மருந்துகளின் பெரும்பகுதியை அந்த முதல் சுற்றிலேயே சிதைத்துவிடுகிறது. மூக்கில் உறிஞ்சப்படும் மருந்து இவ்வழியைத் தவிர்த்து நேரடியாகக் குருதியோட்டத்தை அடைகிறது. ஊசி தேவையில்லை என்பதால் மருத்துவப் பயிற்சி இல்லாதவரும் இதனைக் கொடுக்க இயலும். வலிப்பு கண்டு விழுங்க இயலாத நிலையிலுள்ள குழந்தை, குருதியில் சர்க்கரை குறைந்து மயங்கிய நீரிழிவு நோயாளி, இடைவிடாது வாந்தி எடுப்பவர் ஆகியோருக்கு இவ்வழி மிகவும் உதவுகிறது.

மூக்கின் அமைப்பும் தடைகளும்

வளர்ந்த ஒருவரின் மூக்குக் குழியின் கொள்ளளவு ஏறத்தாழ 15 முதல் 20 மில்லிலிட்டர் மட்டுமே. எனினும் உள்ளே மடிந்து கிடக்கும் சங்கெலும்புகளின் காரணமாக அதன் உட்பரப்பு ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர் வரை விரிகிறது. இப்பரப்பின் அடியில் குருதிக்குழாய்கள் செறிந்துள்ளன. இது மருந்து உறிஞ்சப்படுவதற்கு ஏற்ற அமைப்பாகும். ஆயினும் பின்வரும் தடைகள் உள்ளன.

* சளியோட்டம்: மூக்கின் மேலணி இழையத்தில் பிசிர்கள் எனப்படும் நுண்ணிய மயிரிழைகள் உள்ளன. இவை நொடிக்குப் பத்துமுறைக்கு மேல் துடித்து, மேலேயுள்ள சளியை நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. தூசியையும் கிருமிகளையும் வெளியேற்றும் இக்காப்பு முறை, மருந்தையும் தூசியைப்போலவே நடத்துகிறது.
* மூலக்கூற்றின் பருமன்: ஏறத்தாழ 1000 டால்டனுக்குக் குறைவான மூலக்கூற்று எடை கொண்ட மருந்துகள் நன்கு உறிஞ்சப்படுகின்றன. அதற்குமேல் உறிஞ்சல் விரைவாகக் குறைகிறது. ஏறத்தாழ 3400 டால்டன் எடையுள்ள கால்சிடோனின் என்னும் இயக்குநீரை மூக்கில் தெளித்தால் சராசரியாக 3 விழுக்காடே குருதியை அடைகிறது.
* நொதிகள்: மூக்கின் சவ்விலும் புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. எனினும் இவற்றின் அளவு குடலில் உள்ளதைவிடக் குறைவு.
* கொள்ளளவு: ஒரு நாசித்துளையில் ஒருமுறைக்கு ஏறத்தாழ 0.1 முதல் 0.15 மில்லிலிட்டர் வரையே தெளிக்க இயலும். அதற்கு மேற்பட்டது வழிந்துவிடும். எனவே மிகச்சிறிய அளவிலேயே வேலை செய்யும் மருந்துகளே இவ்வழிக்கு ஏற்றவை.

ஒட்டுந்தன்மை உருவாகும் விதம்

சளியில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீரே உள்ளது. அதற்குப் பாகுநிலையைத் தருவது மியூசின் என்னும் புரதம் ஆகும். மியூசினின் நீண்ட புரதத் தண்டிலிருந்து சர்க்கரைச் சங்கிலிகள் பாட்டில் கழுவும் தூரிகையின் இழைகளைப்போல் நீட்டிக்கொண்டிருக்கும். இச்சங்கிலிகள் பலவற்றின் முனையில் சயாலிக் அமிலம் அமைந்துள்ளது. மூக்கிலுள்ள 5.5 முதல் 6.5 வரையிலான பிஎச் மதிப்பில் இவ்வமிலம் எதிர்மின்னேற்றம் பெறுவதால், மியூசின் முழுவதும் எதிர்மின்னேற்றம் கொண்டதாகிறது.

ஒட்டுதல் இரண்டு கட்டங்களாக நிகழ்கிறது. முதற்கட்டத்தில் பலபடி சளியைத் தொட்டு, நனைந்து, பரவுகிறது. இரண்டாம் கட்டத்தில் பலபடி சளியிலுள்ள நீரை உறிஞ்சி உப்ப, அதன் சங்கிலிகள் தளர்ந்து மியூசின் சங்கிலிகளுக்கிடையே ஊடுருவிப் பின்னிக்கொள்கின்றன. பின்னர் ஐதரசன் பிணைப்பு, மின்னேற்றக் கவர்ச்சி முதலிய விசைகள் அவ்விணைப்பை வலுப்படுத்துகின்றன. இந்நிகழ்வை விளக்க நனைதல் கோட்பாடு, மின்னியல் கோட்பாடு, பரப்புக் கவர்ச்சிக் கோட்பாடு, ஊடுருவல் கோட்பாடு, முறிவுக் கோட்பாடு ஆகியன முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் எந்த ஒன்றும் தனித்து எல்லாப் பொருட்களுக்கும் பொருந்துவதில்லை.

பலபடி அளவுக்கு மீறி நீரை உறிஞ்சினால் வழுக்கும் கூழாக மாறி ஒட்டுந்தன்மையை இழந்துவிடும். சங்கிலி மிகக் குட்டையாக இருந்தால் பின்னல் ஏற்படாது. மிக நீளமாகச் சுருண்டிருந்தால் ஊடுருவல் நிகழாது. ஆகவே மூலக்கூற்று எடை, மின்னேற்றம், உப்பும் அளவு ஆகிய மூன்றையும் சமன்செய்வதே இத்துறையின் அடிப்படைச் சிக்கலாகும்.

பயன்படும் பலபடிகள்

* செல்லுலோசு வழிப்பொருட்கள்: ஐதராக்சிபுரொப்பைல் மெத்தில் செல்லுலோசு, கார்பாக்சிமெத்தில் செல்லுலோசு முதலியன இவ்வகையின. ஒவ்வாமை மூக்கழற்சிக்குத் தரப்படும் ஸ்டீராய்டு தெளிப்புகள் பலவற்றில் நுண்படிகச் செல்லுலோசும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோசும் சேர்க்கப்படுகின்றன. இக்கலவை குலுக்கும்போது நீர்த்து, ஓய்வில் தடிக்கும் இயல்புடையது. தெளிப்பதற்கு முன் புட்டியை நன்கு குலுக்குமாறு அறிவுறுத்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.
* பாலியக்ரிலிக் அமிலம்: கார்போபால் என்னும் வணிகப் பெயரில் அறியப்படுகிறது. இதன் கார்பாக்சில் தொகுதிகள் மியூசினுடன் ஐதரசன் பிணைப்புகளை ஏற்படுத்துகின்றன.
* கைட்டோசான்: இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலுள்ள கைட்டின் என்னும் பொருளிலிருந்து பெறப்படுகிறது. அமிலத்தன்மை வாய்ந்த சூழலில் நேர்மின்னேற்றம் பெறுவதால், எதிர்மின்னேற்றம் கொண்ட மியூசினை ஈர்த்துக்கொள்கிறது. மேலும், மேலணி உயிரணுக்களுக்கிடையேயுள்ள இறுக்கச் சந்திகளைத் தற்காலிகமாகத் தளர்த்தி, பெரிய மூலக்கூறுகள் உட்புக வழிசெய்கிறது. பிஎச் மதிப்பு ஏறத்தாழ 6.5க்கு மேற்பட்டால் இதன் கரைதிறன் குறைந்துவிடுவது ஒரு குறைபாடாகும்.
* தயோமர்கள்: கந்தகமும் ஐதரசனும் இணைந்த தயோல் தொகுதிகள் சேர்க்கப்பட்ட பலபடிகள் ஆகும். இவை மியூசினிலுள்ள சிஸ்டீனுடன் இருகந்தகப் பிணைப்பை ஏற்படுத்துகின்றன. இப்பிணைப்பு சகப்பிணைப்பு ஆதலால், ஐதரசன் பிணைப்பை விட வலிமையானது.
* இயற்கைப் பிசின்கள்: பெக்டின், ஜெல்லன் பிசின், புளியங்கொட்டையிலிருந்து பெறப்படும் சைலோகுளுக்கன் முதலியன. சைலோகுளுக்கனின் கிளைத்த அமைப்பு மியூசினை ஒத்திருப்பதால், அது கண் வறட்சிக்கான சொட்டு மருந்துகளில் பயன்படுகிறது.

மருந்தின் வடிவங்கள்

நல்ல ஒட்டுந்தன்மை கொண்ட பலபடிக் கரைசல் பெரும்பாலும் தடித்த பாகாக இருக்கும். தடித்த பாகினைத் தெளிப்பானின் நுண்துளை வழியாகச் செலுத்த முயன்றால், அது துளிகளாகச் சிதறாமல் ஒரே தாரையாகப் பாய்ந்துவிடும். இம்முரண்பாட்டைத் தீர்க்கவே இடத்தில் களியாகும் அமைப்புகள் உருவாக்கப்பட்டன. இவை புட்டியில் நீர்மமாகவும், மூக்கை அடைந்தபின் களியாகவும் இருப்பவை. இவை மூன்று வகைப்படும்.

1. வெப்பத்தால் களியாவன: பொலாக்சமர் 407 என்னும் பலபடியின் குளிர்ந்த கரைசல் உடல் வெப்பத்தில் களியாகிறது.
2. அயனிகளால் களியாவன: ஜெல்லன் பிசினும் குறைந்த மெத்தாக்சில் பெக்டினும் மூக்கின் நீர்மத்திலுள்ள கால்சியம் முதலிய அயனிகளைத் தொட்டவுடன் களியாகின்றன.
3. பிஎச் மாற்றத்தால் களியாவன: அமிலக் கரைசலில் நீர்மமாக உள்ள கார்போபால், அமிலத்தன்மை குறையும்போது தடிக்கிறது.

வெப்பத்தால் களியாகும் மருந்தை உருவாக்குவோர் அது பயன்படும் இடத்தின் தட்பவெப்பத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். மூக்கினுள் வெப்பநிலை ஏறத்தாழ 32 முதல் 35 பாகை செல்சியசு. கோடையில் இதைவிடக் கூடுதல் வெப்பம் நிலவும் சென்னை, மதுரை போன்ற நகரங்களில், குளிர்பதனம் இல்லையெனில் இம்மருந்து புட்டிக்குள்ளேயே களியாகிவிடக்கூடும்.

பொடிகளுக்கு வேறு நன்மை உண்டு. உலர்ந்த பலபடி, சளியிலுள்ள நீரைத் தானே உறிஞ்சிக்கொள்வதால் அவ்விடத்திலேயே ஒட்டுகிறது. நீர் இல்லாததால் கிருமிகள் வளர்வது குறைவு. புரத மருந்துகளும் நீண்ட நாள் சிதையாமல் இருக்கும். நுண்கோளங்கள் என்பவை பலபடியால் ஆன, மருந்தைத் தாங்கிய மிகச்சிறிய உருண்டைகள் ஆகும். இவற்றின் விட்டம் 10 மைக்ரோமீட்டருக்கு மேல் இருத்தல் வேண்டும். மிகச் சிறியவை மூச்சுக்காற்றுடன் நுரையீரலுக்குள் சென்றுவிடும்.

உருவாக்கும் படிகள்

முதலில் மருந்தின் இயல்புகள் ஆராயப்படுகின்றன. தேவையான அளவு முழுவதும் 0.1 மில்லிலிட்டருக்குள் கரையுமா என்பதே முதற்கேள்வி. அடுத்து, மருந்துடன் வினைபுரியாத பலபடி தேர்ந்தெடுக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, நேர்மின்னேற்றம் கொண்ட மருந்தை எதிர்மின்னேற்றம் கொண்ட கார்போபாலுடன் சேர்த்தால், மருந்து பலபடியுடனேயே பிணைந்து வெளிவராமல் போகலாம். பின்னர் கரைசலின் பிஎச் மதிப்பும் சவ்வூடுபரவல் அழுத்தமும் மூக்கை உறுத்தாதவாறு சரிசெய்யப்படுகின்றன. பலமுறை பயன்படும் புட்டியாயின் பதனப்பொருள் சேர்க்கப்படுகிறது. பரவலாகப் பயன்படும் பென்சால்கோனியம் குளோரைடு பிசிர்களின் துடிப்பைக் குறைக்கவல்லது என்பதால், அதன் அளவு மிகக் கவனமாக வரையறுக்கப்படுகிறது. இறுதியாகத் தெளிப்பான் தேர்வு செய்யப்படுகிறது. ஒரே கரைசல் இருவேறு தெளிப்பான்களில் இருவேறு பருமனுள்ள துளிகளாக வெளிப்பட்டு, மூக்கின் இருவேறு பகுதிகளில் படியக்கூடும்.

சோதனை முறைகள்

* ஒட்டும் விசை: இறைச்சிக்கூடத்தில் பெறப்படும் ஆடு அல்லது மாட்டின் மூக்குச் சவ்வின்மேல் மருந்தை வைத்து, அதனைப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் விசை அளக்கப்படுகிறது.
* பாகுநிலை: பலபடியையும் மியூசினையும் கலக்கும்போது கிடைக்கும் பாகுநிலை, அவற்றின் தனித்தனிப் பாகுநிலைகளின் கூட்டுத்தொகையைவிட மிகுந்தால் அவற்றிடையே பிணைப்பு உள்ளது என அறியலாம்.
* ஊடுருவல்: பிரான்சு கலம் எனப்படும் இரு அறைகளைக் கொண்ட கண்ணாடிக் கலத்தின் நடுவே சவ்வைப் பொருத்தி, ஓர் அறையிலிருந்து மற்றதற்குச் செல்லும் மருந்தின் அளவு நேரந்தோறும் அளக்கப்படுகிறது.
* நச்சுத்தன்மை: மருந்து பட்டபின் இழையம் சிதைந்துள்ளதா என நுண்ணோக்கியில் பார்க்கப்படுகிறது. தவளையின் மேலண்ணத்திலும் பிசிர்கள் உள்ளதால், அதன்மேல் சளி நகரும் வேகத்தைக் கொண்டு பிசிர்களின் நலம் அறியப்படுகிறது.
* சாக்கரின் சோதனை: மூக்கின் முன்பகுதியில் சிறிதளவு சாக்கரின் வைக்கப்பட்டு, இனிப்புச் சுவை தெரிய எடுக்கும் நேரம் குறிக்கப்படுகிறது. இதன்மூலம் மனிதரில் சளியோட்டத்தின் வேகத்தை எளிதாக அறியலாம்.
* காமாக் கதிர்ப் படமெடுத்தல்: டெக்னீசியம் 99எம் என்னும் கதிரியக்கப் பொருளால் குறியிடப்பட்ட மருந்து மூக்கிலிருந்து அகலுவது படமாக்கப்படுகிறது. 1999இல் வெளியான இத்தகைய ஆய்வு ஒன்றில், மனிதரின் மூக்கிலிருந்து மருந்தில் பாதி அகல எடுத்த நேரம் சாதாரணக் கரைசலுக்கு 21 நிமிடங்களாகவும், கைட்டோசான் கரைசலுக்கு 41 நிமிடங்களாகவும், கைட்டோசான் நுண்கோளங்களுக்கு 84 நிமிடங்களாகவும் இருந்தது.

வரலாறு

சளிச்சவ்வில் ஒட்டும் மருந்து என்னும் கருத்து வாயிலிருந்தே தொடங்கியது. 1947இல் டிராககாந்தப் பிசினும் செயற்கைப் பல்வரிசையை ஒட்டும் பொடியும் கலக்கப்பட்டு, அக்கலவையின் மூலம் பெனிசிலின் வாயின் சவ்வில் செலுத்தப்பட்டது. 1980களில் சப்பானைச் சேர்ந்த சுனேசி நகாய் இக்கருத்தை மூக்கிற்கு விரிவாக்கினார். இவரும் இவருடைய குழுவினரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், இன்சுலினைக் கார்போபாலுடன் சேர்த்து உறையவைத்து உலர்த்திய பொடியை நாய்களின் மூக்கில் செலுத்தி, குருதியின் சர்க்கரை அளவு குறைவதைக் காட்டினர்.

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் லிசுபெத் இல்லமும் அவருடன் பணியாற்றியோரும் 1987இல் மாவுப்பொருள் நுண்கோளங்களைப் பற்றியும், 1994இல் கைட்டோசானைப் பற்றியும் ஆய்வுகளை வெளியிட்டனர். பின்னதில் எலிகளிலும் செம்மறியாடுகளிலும் இன்சுலின் உறிஞ்சப்படுவதைக் கைட்டோசான் கூட்டுவது காட்டப்பட்டது. 1990களின் இறுதியில் ஆசுத்திரியாவைச் சேர்ந்த ஆந்திரேயாசு பெர்ன்கோப்-சினூர்க் தயோமர்களை அறிமுகப்படுத்தினார்.

எடுத்துக்காட்டு: பெக்டின் கலந்த ஃபென்டானில் தெளிப்பு

புற்றுநோயாளிகள் பலருக்கு, வழக்கமான வலிநீக்கிகளை உட்கொண்டிருக்கும்போதே திடீரெனக் கடும் வலி எழுவதுண்டு. இவ்வலி சில நிமிடங்களில் உச்சமடைந்து பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். வாய்வழி கொடுக்கப்படும் மார்பின் வேலைசெய்யத் தொடங்குவதற்குள் வலியின் பெரும்பகுதி கடந்துவிடுகிறது. ஃபென்டானில் எடை குறைந்த, கொழுப்பில் கரையும் மூலக்கூறு ஆதலால் மூக்கில் மிக விரைவாக உறிஞ்சப்படுகிறது. ஆனால் சாதாரணக் கரைசலாகத் தெளித்தால் குருதியில் அதன் அளவு திடீரென உயரும். அளவுக்கு மீறிய ஃபென்டானில் மூச்சை அடக்கி உயிரைப் பறிக்கக்கூடியது.

இச்சிக்கலுக்குத் தீர்வாகக் குறைந்த மெத்தாக்சில் பெக்டின் கரைசல் பயன்படுத்தப்பட்டது. மெல்லிய துளிகளாகத் தெளிக்கப்படும் இக்கரைசல், மூக்கின் சவ்வில் படிந்ததும் அங்குள்ள கால்சியம் அயனிகளால் களிப்படலமாகிறது. மருந்து அப்படலத்திலிருந்து சீராக வெளியேறுவதால், ஏறத்தாழ 20 நிமிடங்களுக்குள் குருதியில் உச்ச அளவை எட்டினாலும், அவ்வுச்சம் சாதாரணக் கரைசலில் ஏற்படுவதைவிடத் தாழ்வாக இருக்கும். தொண்டைக்கு வழிவதும் குறைகிறது. இத்தெளிப்பு பெக்ஃபென்ட் என்னும் பெயரில் 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும், லசாண்டா என்னும் பெயரில் 2011இல் ஐக்கிய அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. ஒட்டுந்தன்மை மருந்தின் உறிஞ்சலைக் கூட்ட மட்டுமன்றி, அதனைக் கட்டுப்படுத்தவும் பயன்படும் என்பதற்கு இது சான்றாகும்.

வரம்புகளும் பாதுகாப்பும்

ஒட்டுமருந்து ஒட்டுவது சவ்வின்மேல் உள்ள சளியிலேயே ஆகும். அச்சளியோ இடையறாது நகர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே பலபடி எவ்வளவு வலுவாக ஒட்டினாலும், சளி அகலும்போது அதுவும் அகன்றுவிடும். நாள்முழுதும் மூக்கில் தங்கும் மருந்தை உருவாக்குவது கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம். சளி பிடித்திருக்கும்போது சளியின் அளவும் ஓட்டமும் மாறுவதால் மருந்தின் விளைவும் மாறக்கூடும். 1980களில் பெரும் எதிர்பார்ப்பை ஏற்படுத்திய மூக்குவழி இன்சுலின் பரவலான பயன்பாட்டுக்கு வராததற்கு, உறிஞ்சப்படும் அளவு குறைவாகவும் ஆளுக்கு ஆள் வேறுபட்டும் இருந்தது முக்கியக் காரணமாகும்.

எல்லா மூக்குவழி மருந்துகளுக்கும் ஒட்டுந்தன்மை தேவைப்படுவதில்லை. அபின்வகை மருந்துகளால் மூச்சடங்கியவரை மீட்கும் நலாக்சோன் தெளிப்பு 2015இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எளிய கரைசலான இது விரைவாக உறிஞ்சப்படுவதே போதுமானது.

மருந்து மூக்கில் நீண்ட நேரம் தங்கினால், அதன் தீங்கும் நீண்ட நேரம் தங்கும். 2000-2001 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் பயன்படுத்தப்பட்ட மூக்குவழி இன்ஃபுளுவென்சா தடுப்பூசி ஒன்றில், நோயெதிர்ப்பைத் தூண்டுவதற்காகக் குடல் பாக்டீரியாவின் நச்சுப்புரதம் சேர்க்கப்பட்டிருந்தது. அதனைப் பெற்றவர்களில் முகவாதம் மிகுதியாகக் காணப்பட்டதால் அது திரும்பப் பெறப்பட்டது. 2009இல் துத்தநாகம் கலந்த சளிக்கான மூக்குக் களி, நுகரும் திறனை இழக்கச் செய்யக்கூடும் என ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிருவாகம் எச்சரித்தது. இவ்விரண்டிலும் தீங்கு ஒட்டும் பலபடியால் ஏற்பட்டதன்று. எனினும் மூக்கின் சவ்வை அடுத்தே நரம்புகள் உள்ளன என்பதை இவை நினைவூட்டின.

மூக்கிலிருந்து மூளைக்கு

மூக்கின் கூரைப்பகுதியிலிருந்து நுகர்ச்சி நரம்புகள் நேரடியாக மூளைக்குச் செல்கின்றன. மூளையைக் காக்கும் குருதி-மூளைத் தடையைக் கடக்க இயலாத மருந்துகளை இவ்வழியே செலுத்த இயலுமா என ஆராயப்படுகிறது. இப்பகுதி குறுகியதும் தெளிப்பு எளிதில் சென்றடையாததும் ஆகும். எனவே அங்கு படியும் சிறிதளவு மருந்தையும் தக்கவைக்க ஒட்டும் பலபடிகள் உதவும் எனக் கருதப்படுகிறது.

விலங்குகளில் கிடைத்த நல்ல முடிவுகள் மனிதரில் எளிதில் மீளவில்லை. எலிகளில் நுகர்ச்சிப் பகுதி மூக்கின் உட்பரப்பில் ஏறத்தாழ பாதியாக இருக்க, மனிதரில் அது மிகச் சிறிய பங்கே ஆகும். அல்சைமர் நோயாளிகளுக்கு மூக்குவழி இன்சுலின் அளித்து நடத்தப்பட்ட சிறிய ஆய்வு 2012இல் நம்பிக்கை அளித்தது. ஆயினும் 2020இல் வெளியான பெரிய ஆய்வில் பயன் தென்படவில்லை. அவ்வாய்வின் இடையில் மருந்து செலுத்தும் கருவியை மாற்ற நேர்ந்தது. மருந்து, பலபடி, கருவி ஆகிய மூன்றும் ஒரே அமைப்பாகக் கருதப்பட வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

இவற்றையும் பார்க்க

* மூக்கு
* சளிச்சவ்வு
* பலபடி
* கைட்டின்
* மருந்தியல்
* குருதி-மூளைத் தடை